விசுவாசி அழலாமா? – சிஸ்டர் பதில்கள்

ஈஸ்டர் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாவையும் உயிர்த்தெழுதலையும் பற்றியவை. ஆகவே இந்த மாதம் சர்க்கரை, மூட்டுவலி, மாமியார் மருமகள் கேள்விகளுக்கு விடுமுறை. ‘சிஸ்டர்’ என்று விளித்து எழுதும் சிலர் என்னைக் கன்னியாஸ்திரி என்று எண்ணி ஆசீர்வாதம் கேட்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற நர்ஸ். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃபில் பிறந்து, வேலூரில் பயிற்சி பெற்று, பெங்களூரில் இரவுப் பணியிலேயே தலை நரைத்தவள். இறையியல் கல்லூரியின் வாசலை மிதித்ததில்லை. சாகிறவர்களின் கட்டிலருகே நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அந்த அளவுக்கு என் பதில்களை நம்பினால் போதும்.

சிஸ்டர், என் கணவர் ஜனவரி மாதம் மாரடைப்பால் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு வந்த சபையார், “அழாதே, அவர் மகிமைக்குள் பிரவேசித்துவிட்டார், விசுவாசியே அழுதால் புறஜாதியார் என்ன நினைப்பார்கள்” என்றார்கள். பெட்டியை மூடும்போது என்னைப் பாடச் சொன்னார்கள். பாட வரவில்லை. இந்த ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கும் போகவில்லை. தெருவில் பாடிக்கொண்டு போனவர்களின் குரல் கேட்டதும் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன். அப்படியானால் உயிர்த்தெழுதலை நான் நம்பவில்லையா?
– ஒரு வாசகி, லிங்கராஜபுரம்

அழுங்கள், மகளே. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

யோவான் சுவிசேஷத்தின் 11-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பொறுமையாகப் படியுங்கள். அடக்க ஆராதனைகளில் அதிலிருந்து ஒரு வசனத்தை மட்டும் எடுத்து வாசிப்பார்கள்: ‘நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்.’ அது எங்கே, யாரிடம் சொல்லப்பட்டது என்பதைப் பாருங்கள். பெத்தானியாவில் லாசரு இறந்து நான்கு நாட்கள் ஆகிவிட்டன. ஆள் அனுப்பியும் இயேசு தாமதமாகத்தான் வருகிறார். மார்த்தாள் ஊருக்கு வெளியே போய், வழியிலேயே அவரைப் பிடித்துக்கொள்கிறாள். ‘ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்’ என்கிறாள். நம் வீடுகளில் இதற்குச் சண்டை என்று பெயர். உயிர்த்தெழுதலைப் பற்றிய அந்தப் பெரிய வாக்கு, இந்தச் சண்டைக்குக் கிடைத்த பதில். கொஞ்ச நேரத்தில் அவள் சகோதரி மரியாள் வருகிறாள். அவளும் ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொல்லிக் காலில் விழுகிறாள். அவளுக்கு உபதேசம் எதுவும் கிடைக்கவில்லை. இயேசு, அவனை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறார். பிறகு, ‘இயேசு கண்ணீர் விட்டார்.’

இரண்டு பேருக்கும் ஒரே குறை. மார்த்தாளுக்கு வார்த்தை கிடைத்தது, மரியாளுக்குக் கண்ணீர் கிடைத்தது. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. மார்த்தாளுக்குரிய பதிலை மரியாளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் சில நிமிடங்களில் லாசருவைக் கல்லறையிலிருந்து கூப்பிடப் போகிறவர், அது தெரிந்தே அழுதார். அவரைவிட நமக்கு விசுவாசம் அதிகமா என்ன?

‘நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து’ என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதை உங்களிடம் யாராவது காட்டலாம். துக்கிக்காதே என்று அங்கே இல்லை. நம்பிக்கை இல்லாதவர்களைப்போல வேண்டாம் என்றுதான் இருக்கிறது. அதே பவுல், தம் நண்பன் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைப் பற்றி எழுதும்போது, ‘துக்கத்தின்மேல் துக்கம்’ தமக்கு உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்கிறார். அவன் செத்திருந்தால் பவுலும் ஆடிப்போயிருப்பார். ஸ்தேவானை அடக்கம் செய்த தேவபக்தியுள்ள மனிதர்கள் அவனுக்காக மிகவும் துக்கம் கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. பெட்டியருகே கைதட்டிப் பாடினார்கள் என்று இல்லை.

ஈஸ்டர் அன்று நீங்கள் பாடவில்லை என்கிறீர்கள். முதல் ஈஸ்டர் காலையில் யாருமே பாடவில்லை. மகதலேனா மரியாள் கல்லறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள், பெண்கள் பயந்து நடுங்கி ஓடினார்கள், யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு முடிந்துவிடுகின்றன. நீங்கள் போர்வைக்குள் இருந்த நேரத்தில், அந்தப் பெண்களோடுதான் இருந்தீர்கள்.

எங்கள் தங்கவயலில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்து ஆள் போய்விட்டால், தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எழும் ஒப்பாரி தெருக்கோடிவரை கேட்கும். கிறிஸ்தவர்கள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று அந்தக் காலத்துப் போதகர்கள் கண்டித்துப் பார்த்தார்கள். என் பாட்டி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஐயா தெருமுனை திரும்பியதும் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுப்பார். அதை முழுதாக முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீர்த்தனையைத் தொடங்குவார். இரண்டில் எதையும் அரைகுறையாகச் செய்தவர் அல்ல அவர்.

இனி நர்ஸாகச் சில வார்த்தைகள். ஆலயத்துக்குப் போக முடிகிற நாளில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பாட வேண்டாம். மற்றவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடுவார்கள். சபை என்று ஒன்று இருப்பது அதற்கும்தான். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை விட்டுவிடாதீர்கள். துக்க வீடுகளில் முதலில் மறந்துபோவது அதுதான். கணவரின் வருங்கால வைப்பு நிதி, வங்கிக் கணக்கு வேலைகளுக்கு ஒரு மைத்துனரையோ மருமகனையோ கூட அழைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னல்களில் தனியாக நின்று அழுவது கொடுமை. வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால், அவரோடு போய்விடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநலச் சேவை, கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கும் தயங்காமல் போகலாம். அங்கே போவதால் விசுவாசம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவரை என்னிடம் அனுப்புங்கள்.

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். ஞாயிறு பள்ளியில் படித்ததை இப்போது அப்படியே ஏற்க முடியவில்லை. இயேசுவின் உடலைச் சீடர்களே திருடியிருக்கலாம், அல்லது சிலுவையில் அவர் மயக்கம் மட்டும் அடைந்திருக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மருத்துவத் துறையில் இருந்த நீங்கள் எப்படி நம்புகிறீர்கள்?
– ஒரு வாசகர், காடுகோடி

செத்தவர்கள் எழுந்திருப்பதில்லை என்பது உங்கள் நண்பர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும், தம்பி. விடியற்காலை மூன்று மணிக்குத் திரை இழுத்து மூடியவள் நான். முதல் நூற்றாண்டு மக்களுக்கும் அது தெரியும். உயிர்த்தெழுதல் என்பதே கிடையாது என்று சாதித்த சதுசேயர்கள் என்ற யூதப் பிரிவினர் அப்போதே எருசலேமில் அதிகாரத்தில் இருந்தார்கள்.

மயக்கக் கதை நிற்காது. சவுக்கடி பட்டு, சிலுவையில் தொங்கி, விலாவில் ஈட்டி பாய்ந்த ஒருவர் எப்படியோ பிழைத்து மூன்றாம் நாள் தவழ்ந்து வந்திருந்தால், பார்த்தவர்கள் மருத்துவரைத் தேடி ஓடியிருப்பார்கள். மரணத்தை ஜெயித்த ஆண்டவர் என்று யாரும் காலில் விழுந்திருக்க மாட்டார்கள். திருட்டுக் கதையோ புதியதே அல்ல. அப்படியொரு பேச்சு ஊரில் உலவுகிறது என்று மத்தேயுவே தம் கடைசி அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. முதல் சாட்சிகள் பெண்கள். பெண்களின் சாட்சியை ஏற்க வேண்டாம் என்பது அந்தக் காலத்து வழக்கம் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் குறிப்பிடுகிறார். கதை கட்டுகிறவன் வேறு யாரையாவது, ஒரு பேதுருவையோ அரிமத்தியா யோசேப்பையோ, கல்லறை வாசலில் நிறுத்தியிருப்பான். பெண்கள் ஓடிவந்து சொன்னபோது அப்போஸ்தலர்களுக்கே அது ‘வீண்பேச்சாக’த் தோன்றியது என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். இரவில் நர்ஸ் சொன்னதைக் காலையில் தானே பார்த்த பிறகு நம்பும் டாக்டர்களோடு காலம் கழித்த எனக்கு, அந்த வசனம் மிகவும் உண்மையாகப் படுகிறது.

அடுத்தது யாக்கோபு. இயேசுவின் சகோதரர்கள் அவர் உயிரோடிருந்தபோது அவரை நம்பவில்லை. அப்படிப்பட்ட யாக்கோபு பின்னால் எருசலேம் சபையின் தலைவராகி, கி.பி. 62-இல் கல்லெறிந்து கொல்லப்படுகிறார். இதையும் யோசேபஸ் சொல்கிறார். உடன்பிறந்தவனை ஆண்டவன் என்று ஏற்பது எவ்வளவு கடினம் என்பதைக் கூடப்பிறந்தவர்கள் உள்ள எல்லோரும் அறிவார்கள். நடுவில் என்ன நடந்தது? ‘யாக்கோபுக்குக் காணப்பட்டார்’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அந்தக் கடிதம் 55-ஆம் ஆண்டையொட்டியது. ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் அதில் இருக்கிறது. போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

இவ்வளவையும் சேர்த்தாலும் நீங்கள் எதிர்பார்க்கும் நிரூபணம் ஆகிவிடாது. சாட்சிகளை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, அதற்குமேல் ஒரு அடி எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. நான் வைத்தேன். உங்களை அவசரப்படுத்த மாட்டேன். சந்தேகப்பட்ட தோமாவை மற்றச் சீடர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்தும் அவர்களோடு அதே வீட்டில் இருந்தார். சென்னையில் அவர் பெயரில் ஒரு மலையே இருக்கிறது. ஆகவே கேள்விகளோடு ஆலயத்துக்கு வாருங்கள்.

என் ஏழு வயதுப் பேரன், “பாட்டி உயிர்த்தெழும்போது பல்செட்டோடு எழுந்திருப்பார்களா?” என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– ஒரு தாத்தா, பிரேசர் டவுன்

உயிர்த்தெழுந்த பிறகு இயேசு பொரித்த மீன் சாப்பிட்டார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். மீன் சாப்பிடப் பல் வேண்டுமே! பாட்டிக்குச் சொந்தப் பல்லே கிடைக்கும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். பேரனைப் பல் துலக்கவும் சொல்லுங்கள்.

2021 மே மாதம் கோவிட் தொற்றில் அம்மா இறந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடத்துக்குக் காத்திருக்க முடியாத நிலைமை. மின்மயானத்தில் தகனம் செய்ய நான்தான் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் அப்போது சாயர்புரத்தில் இருந்தார். பொதுமுடக்கத்தால் வர முடியவில்லை. “அம்மாவை எரித்துவிட்டாயே, கடைசி நாளில் எந்த உடலோடு எழுந்திருப்பாள்?” என்று இன்றும் கேட்கிறார். சாம்பல் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.
– ஒரு வாசகர், காக்ஸ் டவுன்

உங்கள் அண்ணனின் கேள்வி மிகப் பழையது. கி.பி. 177-இல், இன்றைய பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். ஆறு நாட்கள் உடல்களை வெட்டவெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி இவர்கள் எப்படி உயிர்த்தெழுகிறார்கள் பார்ப்போம் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். தப்பிய கிறிஸ்தவர்கள் எழுதிய கடிதத்தை எவுசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் சேர்த்துவைத்திருப்பதால் இது நமக்குத் தெரிகிறது. சாம்பலானவர்கள் எழ முடியாது என்று அன்று நம்பியவர்கள் கொலையாளிகள். சாம்பலைக்கூடப் பெற முடியாமல் போன விசுவாசிகள் அப்படி நம்பவில்லை.

கிறிஸ்தவர்கள் அடக்கத்தை விரும்பியதற்குக் காரணம் உண்டு. ஆண்டவரே அடக்கம் பண்ணப்பட்டார். உடலை மரியாதையோடு மண்ணில் வைப்பது ஒரு சாட்சி. ஆனால் கடவுளுக்கு எலும்புகள் மீதமிருக்க வேண்டும் என்று எந்தச் சபையும் போதிக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இலேயே தகனத்துக்கு இருந்த தடையை நீக்கியது. 2016-இல் இன்னும் தெளிவாக, சாம்பலைத் தூவக் கூடாது, வீட்டில் வைத்திருக்கக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று சொன்னது. நீங்கள் கத்தோலிக்கர் இல்லை என்றாலும் இந்த அறிவுரை நல்லது. அம்மாவை அலமாரியிலிருந்து எடுங்கள்.

மண்ணில் வைத்தால் மட்டும் என்ன மிஞ்சுகிறது? ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில், குடும்பக் கல்லறையை மறுபடி திறந்து அடுத்தவரை வைப்பதை அருகில் நின்று பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அடக்கம் செய்ய உடலே இல்லாமல் திருப்பலி நடந்த வீடுகள் அவை. ‘சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது’ என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு வரி உண்டு. நமக்குச் சாதாரணமாகக் கடந்துபோகும் அந்த வரியை அந்த ஊர்ப் பெண்கள் எப்படிப் படிப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மரித்தோர் எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள் என்று கொரிந்துவிலும் கேட்டிருக்கிறார்கள். பவுல் ‘புத்தியீனனே’ என்று ஆரம்பித்து, விதைக்கிற விதை ஒன்று, முளைத்து வருகிற மேனி வேறொன்று என்று விளக்குகிறார். விளக்கத்தை அண்ணனிடம் சொல்லுங்கள். ஆரம்பத்தை விட்டுவிடுங்கள்.

ஏனென்றால் அவர் கேட்பது சரீரத்தைப் பற்றி என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மே மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெங்களூரில் மயானங்கள் போதாமல் தாவரேகெரே, கித்தேனஹள்ளிப் பக்கம் கல்குவாரிகளில் சிதை அடுக்கினார்கள். ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. நீங்கள் அங்கே நின்றீர்கள், அவர் நிற்கவில்லை. அம்மாவுக்குக் கடைசியாக ஒரு பிடி மண் போட முடியாத மூத்த மகன் அவர். அந்த வேதனையை வெளியே சொல்லத் தெரியாமல் வேதக் கேள்வியாக உங்கள் மேல் எறிகிறார். நீங்களும் நான்கைந்து வருடங்களாக வேத வசனங்களால் திருப்பி எறிந்துகொண்டிருப்பீர்கள்.

சாம்பலைச் சாயர்புரத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அப்பா அங்கே இருந்தால் அவர் கல்லறையிலேயே வைக்கலாம். போதகரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு சிறிய ஆராதனைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். குழிக்குள் வைக்கும் வேலையை அண்ணனிடம் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அது போதும்.

நாங்கள் இந்துக்கள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தோடு நீண்ட காலப் பழக்கம். ஆன்மா அழியாது என்றும் மறுபிறவி உண்டு என்றும் நாங்கள் நம்புகிறோம். நீங்கள் சொல்லும் உயிர்த்தெழுதலும் அதுவும் ஒன்றுதானே?
– ஒரு வாசகி, அல்சூர்

ஒன்று அல்ல, அம்மா. மறுபிறவியில் உயிர் வேறொரு உடலை எடுக்கிறது. பெயரும் உறவும் மாறுகின்றன. உயிர்த்தெழுதலில் அதே ஆள், அதே பெயர். கல்லறைத் தோட்டத்தில் உயிர்த்தெழுந்த இயேசு ‘மரியாளே’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் மகதலேனா மரியாளுக்கு ஆளே அடையாளம் தெரிந்தது. உயிர் தன் இயல்பால் அழியாதது என்பதில் எங்கள் நம்பிக்கை நிற்பதில்லை. செத்தவனைக் கடவுள் ஒருமுறை, ஒரேயடியாக எழுப்புவார் என்பதில் நிற்கிறது. உடலைக் கழற்றிப்போடும் சட்டையாக நாங்கள் நினைப்பதில்லை என்பதும் ஒரு வேறுபாடு. உங்கள் பக்கத்து வீட்டாரிடம் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். ஈஸ்டர் பிரியாணியும் கொடுத்திருப்பார்களே?

எனக்கு வயது 44. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சு, கீமோ எல்லாம் முடிந்தும் திரும்ப வந்துவிட்டது. இனிமேல் வலியைக் குறைக்கும் சிகிச்சைதான் என்கிறார் டாக்டர். மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்களோ, “இயேசுவை எழுப்பின வல்லமை உன்னை எழுப்பும், மார்பின் எடுத்தால் நீயே தோல்வியை ஒப்புக்கொள்கிறாய்” என்கிறார்கள். சிலுவையில் இயேசுவே மருந்து கலந்த ரசத்தை மறுத்தார் என்றும் காட்டினார்கள். மாத்திரையைத் தொடவில்லை. இரவில் வலி தாங்க முடியவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்து அறையில் விழித்துக்கொண்டிருப்பது தெரிகிறது.
– பெயர் வேண்டாம், பானஸ்வாடி

இந்த இதழ் உங்கள் கைக்கு வந்ததும் முதலில் மாத்திரையை எடுத்துச் சாப்பிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

சாப்பிட்டீர்களா? சரி. வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை இயேசு மறுத்தார் என்று மாற்கு எழுதியிருப்பது உண்மை. தமக்காக மறுத்தார். வேறு யாரையும் மறுக்கச் சொன்னதில்லை. அவர் சொன்ன கதையில் நல்ல சமாரியன் அடிபட்டவனுக்கு என்ன செய்தான்? காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். நீயும் போய் அப்படியே செய் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யார் என்று அந்தக் கதையில் தேடினால், ஆசாரியனும் லேவியனும் வருவார்கள். அவர்கள் அவ்வளவு தூரம்கூட வரவில்லை.

சுகம் கேட்டு ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கெத்செமனேயில் ஆண்டவரே, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். ஆனால் சுகமானால்தான் உயிர்த்தெழுதலின் வல்லமை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். லாசருவும் பின்னால் ஒருநாள் மறுபடி செத்திருப்பான். இயேசு சுகமாக்கிய அத்தனை பேரும் செத்தார்கள். அவர்களுடைய நம்பிக்கை இரண்டாவது முறை சாகும்போது தோற்றுவிட்டதா? ஈஸ்டர் நமக்குத் தருவது சாவிலிருந்து விலக்கு என்றால், இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் ஏமாந்திருக்கிறோம். சாவு நடந்த பிறகும் கடவுளுக்கு வேலை மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் நான் ஈஸ்டரில் கேட்கிறேன்.

வேலூரில் பயிற்சிக்காக நான் சேர்ந்தபோது, டாக்டர் பால் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் மூத்த நர்ஸ்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். 1946-இல் வேலூருக்கு வந்தவர். தொழுநோயால் நரம்பு செத்து, விரல்கள் உள்ளே மடங்கி, நகம்போல் வளைந்துபோன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய அறுவை சிகிச்சை மருத்துவர். அப்படி நிமிர்ந்த கைகளை நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன். விரல்கள் நீண்டு, பேனா பிடிக்கும், டம்ளர் பிடிக்கும். தழும்புகள் அப்படியே இருக்கும். அந்த ஆண்டுகளில்தான் யோவான் 20-ஆம் அதிகாரம் எனக்கு வேறு மாதிரி விழ ஆரம்பித்தது. மரணத்தை ஜெயித்து எழுந்தவரின் உடலில் ஆணிக் காயம் ஏன் இருக்க வேண்டும்? எல்லாவற்றையும் புதிதாக்குகிறவருக்கு நான்கு ஓட்டைகளை மூடத் தெரியாதா? ‘உன் விரலை இங்கே நீட்டி, என் கைகளைப் பார்’ என்று தோமாவிடம் அவற்றையே நீட்டுகிறார்.

உங்கள் உடல் பட்டது எதுவும் வீணாகத் துடைத்தெறியப்படாது என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். ஊசி ஏறி ஏறிக் கறுத்த நரம்பு, கொட்டிப்போன முடி, கதிர்வீச்சில் வெந்த தோல், இவை எல்லாம் உங்கள் தோல்வியின் அடையாளங்கள் இல்லை. அந்த உடலைத்தான் கடவுள் எழுப்பப் போகிறார் என்றால், அதை வலியில் துடிக்க விடுவது எந்த வகையில் பக்தி?

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், பிறகு டாக்டர். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லத்தை, ஆரம்பித்தார். வலி வந்த பிறகு மார்பின் கொடுக்காதே, வலி வருவதற்கு முன்பே மணி பார்த்துக் கொடு என்று மருத்துவ உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். உயிர்த்தெழுதலை நம்பியவர் கண்ட வழி அது. உங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மாத்திரையை டாக்டர் எழுதிய நேரப்படி விழுங்குங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், வலி இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில். புற்றுநோய் வலிக்குச் சரியான அளவில் எடுப்பவர்கள் அடிமையாவது மிக அரிது, அதனால் சாவும் சீக்கிரம் வருவதில்லை. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கு மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பயப்பட வேண்டாம். மாரத்தஹள்ளியில் 1999 முதல் இயங்கும் கருணாஸ்ரயாவில் முற்றிய புற்றுநோயாளிகளை இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுவும் அவர்களிடம் உண்டு. யாரையாவது விட்டு இந்த வாரமே பேசச் சொல்லுங்கள்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவளுக்குப் பாதி தெரியும். மீதியைக் கற்பனை செய்துகொண்டு பக்கத்து அறையில் தனியாகக் கிடக்கிறாள். உயிர்த்தெழுந்த இயேசு தம்மை விட்டு ஓடிப்போன சீடர்களுக்குத் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுக் கொடுத்தார். ‘வாருங்கள், சாப்பிடுங்கள்’ என்று கூப்பிட்டு உட்கார வைத்த பிறகுதான் பேதுருவிடம் பேச வேண்டியதைப் பேசினார். வலி அடங்கிய ஒரு மாலையில், மகளுக்குப் பிடித்ததைக் கடையிலிருந்தாவது வாங்கிவரச் செய்து, சேர்ந்து சாப்பிடும்போது பேசுங்கள். அழுவீர்கள். அழுதுவிட்டு, அவள் அடுத்து எந்தப் பள்ளியில் சேர வேண்டும், யார் பொறுப்பு, நகை எங்கே என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு வாரம் மாத்திரை எடுத்த பிறகு இரவு எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பத்திரிகை அலுவலக முகவரிக்குப் போட்டால் என்னிடம் சேர்த்துவிடுவார்கள். அச்சில் வராது.